சாதனம் வாங்குமுன் மூன்றாம் ஆண்டின் பேட்டரியைக் கேளுங்கள்: பினாங்குத் தமிழ்ப்பள்ளிகளின் வாரியங்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளி மேலாளர் வாரியத்தினருக்கும், பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும், தலைமையாசிரியர்களுக்கும் வணக்கம்.

பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. தீவில் சில, செபராங் பிறையில் பல. நன்கொடையோ மானியமோ கைக்கு வரும்போது கூட்டத்தில் எழும் கேள்வி ஒன்றுதான்: பிள்ளைகளுக்கு டேப்லெட் வாங்குவதா, மடிக்கணினி வாங்குவதா? பேச்சு சுற்றிச் சுற்றி இரண்டு எண்களில் வந்து நிற்கும். ஒன்று விலை. மற்றொன்று, பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் ‘பேட்டரி இத்தனை மணி நேரம்’ என்ற எண். முதல் எண்ணை நம்பலாம். இரண்டாவதை நம்பி முப்பது சாதனம் வாங்குவது பள்ளிப் பணத்துக்குச் செய்யும் நியாயமாகாது.

சாதனம் பழுதுபார்ப்பதும் கணினி அறைகளைப் பராமரிப்பதும் எங்கள் தொழில். அந்த அறிவை வைத்து நாங்கள் கேட்டுக்கொள்வது இது. இரண்டு சாதனங்களையும் வாங்கும் நாளின் நிலையில் வைத்து ஒப்பிடாதீர்கள். மூன்றாம் ஆண்டின் நிலையில் வைத்து ஒப்பிடுங்கள். அப்போதும் அது ஒரு பள்ளி நாளைத் தாங்குமா? தாங்காவிட்டால் பேட்டரியை மட்டும் மாற்ற வழி உண்டா? முப்பது சாதனத்தையும் ஒரே நேரத்தில் சார்ஜ் செய்ய உங்கள் பள்ளியின் வயரிங் இடம் கொடுக்குமா? இவற்றுக்குப் பதில் தெரிந்தால் டேப்லெட்டா மடிக்கணினியா என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

முதலில் அளவு. டேப்லெட் விற்பவர் 8,000 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர்-மணி) என்பார். மடிக்கணினியின் பேட்டரியைக் கழற்றிப் பார்த்தால் 3,685 எம்.ஏ.எச். என்றிருக்கும். பார்த்தவுடன் டேப்லெட்டில் இரண்டு மடங்குக்கு மேல் இருப்பதாகத் தோன்றும். ஒரு மூட்டையில் எத்தனை கிலோ என்று சொல்லாமல் எத்தனை மூட்டை என்று மட்டும் சொல்லி அரிசி விற்பதைப் போன்றது இது. எம்.ஏ.எச். எண்ணை மின்னழுத்தத்தோடு பெருக்கி 1,000-ஆல் வகுத்தால்தான் உண்மையான ஆற்றல், அதாவது வாட்-மணி, தெரியும். டேப்லெட்டில் இருப்பது பொதுவாக 3.85 வோல்ட்: 8,000 × 3.85, அதாவது 30.8 வாட்-மணி. மடிக்கணினியில் மூன்று செல்கள் தொடராக இணைந்திருப்பதால் 11.4 வோல்ட்: 3,685 × 11.4, அதாவது 42 வாட்-மணி. மடிக்கணினியின் பேட்டரிதான் மூன்றில் ஒரு பங்கு பெரியது. எனவே குவோட்டேஷனில் எம்.ஏ.எச். மட்டும் போட்டிருந்தால் அதைத் திருப்பி அனுப்பி வாட்-மணி கேளுங்கள்.

பேட்டரி பெரிதாக இருந்தும் மடிக்கணினி சீக்கிரம் இறங்குவதற்குக் காரணம் செலவு. பத்து, பதினொரு அங்குல டேப்லெட் உலாவியில் பாடம் பார்க்கும்போது சுமார் 3 முதல் 4 வாட் எடுக்கும். பத்தாம் தலைமுறை ஐபேடின் பேட்டரி 28.6 வாட்-மணி, ஆப்பிள் சொல்லும் 10 மணி நேரத்துக்கு அது சராசரி 2.9 வாட்டுக்கு மேல் எடுக்கக்கூடாது. சாதாரண விண்டோஸ் மடிக்கணினி அதே வேலைக்கு 6 முதல் 10 வாட் வரை எடுக்கும். காணொலிச் சந்திப்பு நடந்தால் இன்னும் கூடும். திரை பெரியது, செயலி கனமானது, பின்னணியில் ஓடும் நிரல்களும் அதிகம். மேக்புக் ஏர் போன்றவை இந்தக் கணக்கிலிருந்து விலகி நிற்கின்றன. எம்2 செயலி கொண்ட மாடலில் 52.6 வாட்-மணி பேட்டரி உண்டு, இணைய உலாவலுக்கு 15 மணி நேரம் என்று நிறுவனம் சொல்கிறது. ஆனால் ஆரம்பப்பள்ளிக்கு முப்பது வாங்கும் விலை அது இல்லை.

பெட்டியின் மேல் இருக்கும் மணி நேரத்தை எப்படி அளக்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். திரை வெளிச்சத்தைப் பெரும்பாலும் 150 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) அளவுக்குக் குறைத்து, சில வேளை வைஃபையையும் அணைத்து, சேமித்து வைத்த காணொலியை ஓடவிட்டு அளப்பார்கள். காணொலி ஓட்டுவதற்கு இன்றைய செயலிகளில் தனி மின்சுற்று இருப்பதால் அதற்குச் செலவு மிகக் குறைவு. நம் வகுப்பறைகளில் சன்னல் திறந்திருக்கும், பத்து மணி வெயில் உள்ளே அடிக்கும். 150 நிட்ஸில் பிள்ளைக்கு எழுத்தே தெரியாது. 300-க்கு ஏற்ற வேண்டிவரும். டேப்லெட்டில் மின்சாரத்தை அதிகம் தின்பது திரைதான் என்பதால், வெளிச்சம் ஏறும்போது மணி நேரம் கண்கூடாகக் குறையும். வைஃபை சிக்னல் சுவர் தாண்டி மெலிந்து வரும் வகுப்புகளில் சாதனம் திரும்பத் திரும்ப அனுப்பவும் தேடவும் வேண்டியிருப்பதால் அங்கும் செலவு கூடும். சிம் போட்டு மொபைல் டேட்டாவில் ஓட்டினால் அதைவிட அதிகம்.

ஆகவே நீங்களே அளந்துவிடுங்கள். விற்பனையாளரிடம் மாதிரிக்கு ஒன்று வாங்கி, குளிரூட்டி இல்லாத சாதாரண வகுப்பறையில் வையுங்கள். முழுதும் சார்ஜ் செய்து, 90 விழுக்காடு வரும் வரை விட்டுவிடுங்கள். முதல் பத்து விழுக்காட்டை மானி மெதுவாகக் காட்டும், அதை நம்பிக் கணக்குப் போட்டால் தப்பாகும். பின்வரிசைப் பிள்ளைக்குத் தெளிவாகத் தெரியும் அளவுக்குத் திரை வெளிச்சத்தை வைத்து, ஒரு மணி நேரம் கல்வி அமைச்சின் டெலிமா தளத்தில் பாடம் பார்த்து, இன்னொரு மணி நேரம் கூகுள் டாக்ஸில் தட்டச்சு செய்து, மணிக்கு எத்தனை விழுக்காடு இறங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைசி 20 விழுக்காட்டைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். 80-ஐ அந்த எண்ணால் வகுத்தால் வருவதுதான் உங்கள் பள்ளிக்கான மணி நேரம். மணிக்கு 12 விழுக்காடு இறங்கினால் ஆறே முக்கால் மணிக்குச் சற்றுக் குறைவு. அதை 0.75-ஆல் பெருக்குங்கள். கால் பங்கு தேய்ந்த பேட்டரியோடு மூன்றாம் ஆண்டில் 5 மணி நேரம் கிடைக்கும். காலை ஏழரையிலிருந்து பிற்பகல் ஒன்று வரை வகுப்பு வகுப்பாகச் சுற்றிவரும் சாதனத்துக்கு இடைவேளையும் கை மாறும் நேரமும் போக அது போதும். மணிக்கு 20 விழுக்காடு இறங்கும் மடிக்கணினி புதிதாகவே 4 மணி நேரம்தான். மூன்றாம் ஆண்டில் 3. அதைக் காலை முழுவதும் சுற்றில் விட முடியாது, இடைவேளையில் சார்ஜரில் போட வேண்டிவரும்.

கால் பங்கு தேய்மானம் என்பதே பேட்டரியை ஒழுங்காக வைத்திருந்தால் கிடைப்பது. நம் ஊரில் அதைவிட வேகமாகத் தேயக் காரணங்கள் உண்டு. லித்தியம் பேட்டரிக்கு இரண்டு எதிரிகள்: சூடும், முழுச் சார்ஜில் நெடுநாள் கிடப்பதும். இரண்டும் சேர்ந்தால் கேடு பெருகும். தொழிலில் பரவலாக எடுத்தாளப்படும் அளவுகள் இவை: 25 டிகிரியில் 40 விழுக்காடு சார்ஜோடு ஓராண்டு வைத்திருந்தால் 96 விழுக்காடு கொள்ளளவு மிஞ்சும், அதே சூட்டில் முழுச் சார்ஜோடு வைத்தால் 80. சூடு 40 டிகிரியானால் 40 விழுக்காடு சார்ஜில் 85, முழுச் சார்ஜில் 65. யாரும் தொடாமல் அலமாரியில் வைத்த பேட்டரிக்கே இந்த நிலை. பினாங்கில் பகல் 31, 32 டிகிரி என்பது வெளியே, நிழலில். தகரக் கூரையின் கீழ் சன்னலை மூடிப் பூட்டிய சாமான் அறையில், இருபது முப்பது சார்ஜர்கள் கக்கும் சூட்டோடு, இரும்பு அலமாரிக்குள் 40 டிகிரியைத் தொடுவது அதிசயமே இல்லை. வெயிலில் நிறுத்திய காருக்குள் இன்னும் மேலே போகும். ஆசிரியர்கள் சாதனத்தைக் காரில் விட்டுவிட்டுத் தொழுகைக்கோ கடைக்கோ கூட்டத்துக்கோ போகக்கூடாது என்பதை எழுத்தில் சொல்லுங்கள்.

சார்ஜ் அலமாரியை அலுவலகத்துக்குப் பக்கத்தில், காற்றோட்டமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடத்தில் வையுங்கள். அலமாரியின் பின்புறக் காற்றாடி ஓடுகிறதா என்று பாருங்கள். தூசி அடைத்து நின்றுபோவது அடிக்கடி நடக்கும். சார்ஜின் உச்சத்தை 80 விழுக்காட்டில் நிறுத்தும் வசதி இன்று பெரும்பாலான சாதனங்களில் உண்டு. லெனோவோவில் கன்சர்வேஷன் மோட், அசுஸில் பேட்டரி கேர், சாம்சங்கில் பேட்டரி புரொட்டெக்‌ஷன் என்ற பெயர்களில் அதைத் தேடுங்கள். செல் ஒன்றின் உச்ச மின்னழுத்தத்தை 4.2 வோல்ட்டிலிருந்து 4.1-க்குக் குறைத்தாலே பேட்டரி தாங்கும் சார்ஜ் சுற்றுகளின் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது இந்தத் துறையில் நிலைத்த பாடம். ஒரு நாள் பாடத்துக்கு 80 போதும் என்று அளவெடுப்பில் தெரிந்திருந்தால், மீதி 20-ஐ விட்டுக்கொடுப்பதில் நட்டம் எதுவும் இல்லை.

நீண்ட விடுமுறைக்கு முன் செய்ய வேண்டியது வேறு. எல்லாவற்றையும் முழுதாகச் சார்ஜ் செய்து அலமாரியைப் பூட்டிவிட்டுப் போவது தவறு. தீர்ந்த நிலையில் வைத்துவிட்டுப் போவது அதைவிடப் பெரிய தவறு. வெறுமையாக வைத்த பேட்டரி தானாகவே இன்னும் இறங்கி, செல் சுமார் 2.5 வோல்ட்டுக்குக் கீழே போனால் காப்புச் சுற்று அதைப் பூட்டிவிடும். காப்புச் சுற்று அதைப் பூட்டிவிடும். பள்ளி திறந்ததும் என்ன செய்தாலும் சாதனம் விழிக்காது. ஐம்பது அறுபது விழுக்காட்டில் நிறுத்தி, மூடியைச் சாத்துவதோடு விடாமல் முழுதாக அணைத்து, அலமாரியின் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போங்கள். அந்தப் பொறுப்பு யாருடையது என்று பெயர் போட்டு எழுதி வைப்பது நல்லது.

மடிக்கணினிக்கு மட்டும் உரிய ஒரு தொல்லை உண்டு. மூடியைச் சாத்தினால் தூங்கிவிடும் என்று நினைப்போம். புதிய விண்டோஸ் மடிக்கணினிகள் பல ‘மாடர்ன் ஸ்டேண்ட்பை’ என்ற நிலையில் அரைத்தூக்கத்தில் இருந்துகொண்டு அஞ்சல் பார்க்கும், புதுப்பிப்பு இறக்கும். பையில் போட்டால் உள்ளேயே சூடாகி, மறுநாள் காலையில் பேட்டரி தீர்ந்து கிடக்கும். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போய், மூடியைச் சாத்தும்போது ஹைபர்னேட் (வேலையைச் சேமித்துவிட்டு முழுதாக அணைவது) ஆகட்டும் என்று மாற்றிவிட்டால் தீர்ந்தது. அந்த விருப்பம் பட்டியலில் இல்லாவிட்டால், அதே இடத்தில் ‘தற்போது கிடைக்காத அமைப்புகளை மாற்று’ என்ற இணைப்பை அழுத்தினால் தெரியும். டேப்லெட்டும், கூகுளின் குரோம்ஓஎஸ்ஸில் ஓடும் மடிக்கணினியான குரோம்புக்கும் இந்த விஷயத்தில் ஒழுங்கானவை. ஓர் இரவுக்குச் சில விழுக்காடுதான் இறங்கும்.

இனி வயரிங். கூட்டங்களில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் சாதனம் வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே தலைவலி கொடுப்பது இதுதான். முப்பது டேப்லெட் ஒவ்வொன்றும் 15 வாட் என்றால் மொத்தம் 450 வாட். ரைஸ் குக்கர் ஒன்றின் அளவு, எந்தப் பிளக்கும் தாங்கும். முப்பது மடிக்கணினி 65 வாட் வீதம் 1,950 வாட். நம் மூன்று முனைப் பிளக்கில் இருப்பது 13 ஆம்பியர் ஃபியூஸ்; 230 வோல்ட்டில் அதன் எல்லை 2,990 வாட். ஓர் அலமாரி வரை சரி. இரண்டு அலமாரியை ஒரே எக்ஸ்டென்ஷனில் மாட்டினால் 3,900 வாட். ஃபியூஸ் உருகலாம் அல்லது, மலிவான எக்ஸ்டென்ஷனாக இருந்தால், ஃபியூஸுக்கு முன் சாக்கெட்டே உருகலாம். அலமாரி ஒன்றுக்குச் சுவரில் தனி சாக்கெட், இடையில் எக்ஸ்டென்ஷன் கூடாது. பிளக்கிலும் சார்ஜரிலும் சிரிம் முத்திரை இருக்க வேண்டும்.

வாட் கணக்கு சரியாக இருந்தும் இரவில் மின்சாரம் விழுவது (டிரிப் ஆவது) இன்னொரு பிரச்சினை. பூமி முனை உள்ள ஒவ்வொரு சார்ஜரும் இரைச்சலை வடிகட்டும் மின்தேக்கிகள் வழியாகச் சிறிது மின்னோட்டத்தைப் பூமிக்கு விடும். பழுது இல்லாத நல்ல சார்ஜரும் அப்படித்தான். ஒன்றுக்கு அரை மில்லி ஆம்பியர் என்றாலும் முப்பதுக்கு 15 மில்லி ஆம்பியர். சாக்கெட் சுற்றில், மின்கசிவைக் கண்டால் மின்சாரத்தை வெட்டும் ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும், 15-ஐத் தாண்டினாலே விழ அதற்கு உரிமை உண்டு. ஈரப்பதம் உள்ள இரவில், அதே சுற்றில் ஒரு பழைய விசிறியும் இருந்தால் போதும், விழுந்துவிடும். காலையில் முப்பதும் சார்ஜ் இல்லாமல் கிடக்க, பழி பேட்டரி மேல் விழும். வயர்மேனிடம் சொல்லி அலமாரியின் வரிசைகளை இரண்டு மூன்று சுற்றுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி ஆர்சிபிஓ (மின்கசிவு, மிகைச்சுமை இரண்டுக்கும் வெட்டும் சுவிட்ச்) போடச் சொல்லுங்கள். ஆர்சிசிபியைக் கழற்றி நேராக இணைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அவரைப் பள்ளிக்குள் விடாதீர்கள். பிள்ளைகளின் உயிரைக் காப்பது அந்தச் சிறு பெட்டி. மின்தடைக்குப் பின் மின்சாரம் திரும்பும்போது முப்பது சார்ஜரும் ஒரே நொடியில் இழுப்பதால், மிகைச்சுமைக்கு வெட்டும் எம்சிபி சுவிட்ச் விழுவதும் உண்டு. வரிசை வரிசையாகச் சில நொடி இடைவெளியில் மின்சாரம் விடும் அலமாரிகள் கிடைக்கின்றன, மடிக்கணினிக்கு அதையே வாங்குங்கள்.

ஆள் இல்லாத இரவில் சார்ஜ் செய்ய வேண்டிய தேவையும் இல்லை. 42 வாட்-மணி மடிக்கணினி 45 வாட் சார்ஜரில் இரண்டு மணி நேரத்துக்குள் 80-ஐத் தொட்டுவிடும். டேப்லெட் 15 வாட்டில் இரண்டு இரண்டரை மணி நேரம். பள்ளி முடிந்து அலுவலகத்தில் ஆள் இருக்கும் பிற்பகல் ஒன்றரையிலிருந்து நான்கரைக்குள் முடியும். விசிறி ஓடட்டும். மின்கட்டணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்: முப்பது மடிக்கணினியை முழுதாக ஏற்ற ஒன்றரை யூனிட்டுக்குள்தான் ஆகும்.

பேட்டரி ஒருநாள் தேயத்தான் செய்யும். அப்போதுதான் இரண்டு சாதனங்களும் வெவ்வேறு வழியில் பிரிகின்றன. சாதாரண மடிக்கணினியில் அடிப்பலகையின் திருகுகளைக் கழற்றி, இணைப்பை உருவி, நான்கைந்து திருகில் நிற்கும் பேட்டரியை எடுத்துப் புதியதைப் போட, பழகிய கைக்கு அரை மணி நேரம் ஆகாது. டேப்லெட்டில் திரையே மூடி. அது பசையால் ஒட்டியிருக்கும். சூடுகாட்டி, மெல்லிய தகட்டை நுழைத்து, சுற்றிலும் அறுத்துக் கொண்டுவர வேண்டும். கீழே பேட்டரியும் பசையில் ஒட்டியிருக்கும். கண்ணாடி ஓரம் ஏற்கெனவே கீறியிருந்தால், அந்த வேலையில் விரிசல் ஓடித் திரையும் போகும். கூலியையும் அந்த அபாயத்தையும் சேர்த்துப் பார்த்தால், விலை குறைந்த டேப்லெட்டுக்கு மூன்றாம் ஆண்டில் பேட்டரி மாற்றுவது கட்டுப்படியாகாது. அதை ஆயுள் முடியும் சாதனமாகக் கணக்கில் வைத்துத்தான் வாங்க வேண்டும். விதிவிலக்கு உண்டு: சாம்சங்கின் டேப் ஆக்டிவ் வரிசையில் பின்மூடியைக் கையால் திறந்து பேட்டரியை மாற்றலாம். விலை அதிகம், திரை சிறியது, ஆனால் அடிபடும் இடத்துக்கு ஏற்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பேட்டரிச் சட்டம், கையடக்கச் சாதனங்களில் பயனர் தாமே கழற்றி மாற்றக்கூடிய பேட்டரியை 2027 பிப்ரவரி 18 முதல் கேட்கிறது. அவசரமில்லாத பள்ளிகள் அந்த மாற்றத்தைக் கவனித்து வாங்கலாம்.

இவ்வளவும் பேட்டரி. சாதனத்தைப் பிள்ளை என்ன செய்யப் பயன்படுத்தும் என்பதும் சம அளவு முக்கியம். ஆண்டு 1 முதல் 3 வரை எங்கள் பரிந்துரை டேப்லெட்தான், தயக்கமே இல்லை. அந்த வயதில் வேலை பார்ப்பது, கேட்பது, விரலாலோ பேனாவாலோ எழுதுவது. தமிழுக்கு இதில் ஒரு தனி நன்மை இருக்கிறது. நம் நாட்டில் விற்கும் மடிக்கணினி விசைகளில் தமிழ் எழுத்து இல்லை. ஏழு வயதுப் பிள்ளை ‘ழ’ எங்கே என்று தேடித் தவிக்கும். டேப்லெட்டில் விசைப்பலகையே திரையில் தமிழாக விரியும். கோலாலம்பூரைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் என்ற தமிழ் விசைப்பலகைச் செயலி ஆண்ட்ராய்டில் கிடைக்கிறது. ஐபேடில் அஞ்சல், தமிழ்99 என்ற இரண்டு விசைமுகங்களும் இயங்குதளத்தோடே வருகின்றன. முதல் நாளிலேயே எல்லாச் சாதனத்திலும் ஒரே விசைமுகத்தை அமைத்துவிடுங்கள். வகுப்புக்கு வகுப்பு மாறினால் விரல் பழகாது.

ஆண்டு 4 முதல் 6 வரை மடிக்கணினி. பத்து வரிக் கட்டுரை எழுதவும், படைப்பு தயாரிக்கவும், ஸ்கிராட்ச் போன்ற நிரலாக்கம் பழகவும் விசைப்பலகையும் பெரிய திரையும் வேண்டும். டேப்லெட்டோடு விசைப்பலகை உறை வாங்கிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடாதா என்று கேட்பார்கள். அரைக் கிலோ டேப்லெட், உறையும் சேர்ந்தால் ஒரு கிலோவை நெருங்கும், ஒன்றேகால் கிலோ மடிக்கணினிக்கு அருகில். புளூடூத் விசைப்பலகை என்றால் அதற்கும் தனி பேட்டரி, தனி சார்ஜ். முப்பது விசைப்பலகை ஒரே அறையில் இருந்தால் பக்கத்து மேசையின் டேப்லெட்டோடு இணைந்துகொண்டு கூத்தடிக்கும். உறைதான் வேண்டும் என்றால் டேப்லெட்டின் முனைகளில் நேரடியாகத் தொட்டு இயங்கும் வகையை வாங்குங்கள். ஆண்டு 4-இல் தமிழ் விசைகளுக்கு ஒட்டிகள் போதும். ஆண்டு 6 முடியுமுன் அவை தேவைப்படாமலே போகும்.

மடிக்கணினியில் ஒரு வகையை மட்டும் கண்டிப்பாகத் தவிருங்கள்: 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி இஎம்எம்சி (எஸ்எஸ்டியைவிட மெதுவான வகை) சேமிப்பும் கொண்ட விண்டோஸ் மடிக்கணினி. விண்டோஸ் 11-இன் குறைந்தபட்சத் தகுதி அதுதான், ஆகவே விற்பதில் சட்டப்படி தவறில்லை. ஆனால் ஓரிரு பெரிய புதுப்பிப்புக்குள் இடம் நிரம்பிவிடும். நினைவகம் போதாமல் சேமிப்பையே நினைவகமாக மாற்றி மாற்றிப் பயன்படுத்தும். செயலி ஓயாது, பேட்டரியும் நிற்காது. அந்த விலையில் குரோம்புக் வாங்குங்கள், அல்லது எண்ணிக்கையைக் குறைத்து 8 ஜிபி, 256 ஜிபி எஸ்எஸ்டி உள்ளதாக வாங்குங்கள். குரோம்புக்குக்குக் கூகுள் 10 ஆண்டுப் புதுப்பிப்பு தருகிறது. அந்தப் பத்து ஆண்டு, நீங்கள் வாங்கும் நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை, அந்த வன்பொருள் வெளியான நாளிலிருந்து. கடையில் நான்கு ஆண்டு கிடந்த மாடலுக்கு ஆறுதான் மிச்சம்.

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து நிறுவனங்கள் பழைய அலுவலக மடிக்கணினிகளைத் தருவதாகச் சொன்னால் மகிழ்ச்சியோடு பெறலாம், ஆனால் இரண்டு சோதனைக்குப் பின். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. இண்டெல் செயலி என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும்தான் விண்டோஸ் 11-க்குத் தகுதி. அதற்குக் கீழே என்றால் குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸ், லினக்ஸ் போன்ற வேறு இயங்குதளம் போட வேண்டும். அடுத்து, விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, பவர்சிஎஃப்ஜி என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, பேட்டரிரிப்போர்ட் என்று ஒரே சொல்லாக அடியுங்கள். வரும் அறிக்கையில் டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்ற இரண்டு எண்கள் இருக்கும். பின்னதை முன்னதால் வகுத்து 70 விழுக்காட்டுக்குக் கீழே வந்தால் புதிய பேட்டரியின் செலவையும் கேட்டு வாங்குங்கள். குரோம்புக்கில் டயக்னோஸ்டிக்ஸ் என்ற செயலியிலேயே இந்த எண் தெரியும். புதிதாக வாங்கும் மடிக்கணினிகளுக்கும் வந்த அன்றே இந்த அறிக்கையை எடுத்துச் சேமித்து வையுங்கள். உத்தரவாதம் கேட்கும்போது அதுதான் சாட்சி.

சாதனங்களை வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் திட்டம் இருந்தால் கணக்கு டேப்லெட் பக்கம் சாயும். வீட்டில் இருக்கும் கைப்பேசி சார்ஜரே போதும். மடிக்கணினிக்கு 45 வாட்டாவது வேண்டும். 15 வாட் கைப்பேசி சார்ஜரை மாட்டினால் ஏறாது, அல்லது திரை ஓடும்போதே இறங்கும், பெற்றோர் பழுது என்று நினைப்பார்கள். எதை வாங்கினாலும் யுஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஏறும் மாடலாக இருக்கட்டும். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் உருளை முனை சார்ஜர் தொலைந்தால் தேடி அலைய வேண்டும்.

பேட்டரி உப்புவதைப் பற்றி எல்லா ஆசிரியருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மடிக்கணினியில் தொடுபலகை மேலெழும், அழுத்தினால் சொடுக்காது. அடிப்பலகை மேசையில் சமமாக உட்காராது. டேப்லெட்டில் திரையின் ஒரு பக்கம் உடலிலிருந்து விலகும். உடனே அணைத்து, சார்ஜரை உருவி, எரியும் பொருள் இல்லாத இடத்தில் தனியே வையுங்கள். அமுக்கிச் சரிசெய்யப் பார்க்கவோ குத்தவோ கூடாது. புகை வந்தால் பிள்ளைகளை வெளியேற்றி 999-ஐ அழையுங்கள். பழைய பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போடக்கூடாது; லித்தியம் பேட்டரி நம் சட்டப்படி பட்டியலிடப்பட்ட கழிவு, எண் எஸ்டபிள்யூ 103. சுற்றுச்சூழல் துறையின் உரிமம் பெற்ற மின்கழிவுச் சேகரிப்பாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் குவோட்டேஷன். சாதன உத்தரவாதம் மூன்றாண்டு என்றிருந்தாலும் பேட்டரிக்குப் பெரும்பாலும் ஓராண்டுதான். அதைத் தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள், ஓராண்டுக்குள் கொள்ளளவு 80 விழுக்காட்டுக்குக் கீழே போனால் இலவசமாக மாற்றித் தர வேண்டும் என்றும் சேர்க்கச் சொல்லுங்கள். மாற்று பேட்டரி நான்காண்டுக்குக் கிடைக்கும் என்ற உறுதியும் அதன் விலையும் எழுத்தில் வேண்டும். பேட்டரியை இப்போதே வாங்கி அலமாரியில் சேர்த்து வைக்காதீர்கள், அதுவும் கிடந்தே தேயும். கேபிளும் சார்ஜரும் மட்டும் முப்பதுக்கு மூன்று கூடுதலாக வாங்குங்கள். மாடலின் முழு எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். ‘அல்லது அதற்கு இணையான’ என்ற சொற்றொடரை அடித்துவிடுங்கள், ஏனென்றால் 42 வாட்-மணி மாடலுக்குப் பதில் 31 வாட்-மணி மாடல் வந்து இறங்குவது அந்த ஓட்டை வழியாகத்தான். ஒரு வார காலம் அளந்து பார்க்க மாதிரிச் சாதனம் ஒன்று தர வேண்டும் என்பதையும் நிபந்தனையாக்குங்கள். தர மறுப்பவரின் குவோட்டேஷனை, அது எவ்வளவு குறைவான விலையாக இருந்தாலும், மேசைக்கு எடுக்க வேண்டாம்.

அன்புடன்,
பினாங்கில் சாதனப் பராமரிப்புத் தொழிலில் இருக்கும் தமிழ்த் தொழில்நுட்பர்கள்